வாக்கும் வாழ்வும்: கனடா லீ

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் இரண்டு பொருள் தருகிறது. மனிதன் வாய் திறந்து சொல்லும் மொழியும் வாக்கு. தேர்தல் நாளில் அவன் அளிக்கும் தீர்ப்பும் வாக்கு. பேசுவதற்கு உரியவனே தீர்மானிப்பதற்கும் உரியவன் என்று நம் மொழி எப்போதோ கண்டுகொண்டது போலும். இந்த இரு பொருளையும் ஒருசேர நினைவூட்டி வாழ்ந்து, நாற்பத்தைந்தே வயதில் மறைந்த ஒரு கலைஞரின் கதையை, சொல்லைத் தொழுது வாழும் நண்பர்களுக்கென வெளிவரும் இந்தப் பத்தாம் ஆண்டு மலரில் எழுத விரும்பினேன். அவர் கவிஞர் அல்லர், நடிகர். கனடா லீ என்பது அவர் பெயர். நாட்டின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவர் அமெரிக்கர். நியூயார்க் நகரத்துக் கறுப்பினத்தவர்.

1944ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ‘லைஃப்போட்’ என்னும் ஹாலிவுட் திரைப்படத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய படம் அது. இரண்டாம் உலகப்போர்க் காலம். அட்லாண்டிக் பெருங்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று ஒரு கப்பலைத் தாக்கி மூழ்கடிக்கிறது. தாக்கிய நீர்மூழ்கியும் உடன் மூழ்குகிறது. தப்பியவர்கள் ஓர் உயிர்காப்புப் படகில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பெரும் செல்வர், பெயர்பெற்ற பெண் பத்திரிகையாளர், கப்பல் தொழிலாளர்கள், செவிலி, இறந்த கைக்குழந்தையை மார்போடு அணைத்த தாய், அந்தத் தாயை நீரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த ஜோ என்னும் கறுப்பினக் கப்பல் பணியாளர். கடைசியாக நீரிலிருந்து ஏறுகிறவர் ஒரு ஜெர்மானியர். பகைவரைப் படகில் வைத்துக்கொள்வதா, மறுபடியும் கடலில் தள்ளுவதா? ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்லுகிறார்கள். ஜோவின் முறை வருகிறது. தமக்கும் வாக்கு உண்டா என்று அவர் கேட்கிறார். உண்டு என்கிறார்கள். அப்படியானால் தாம் இதில் சேராமல் விலகியிருக்கவே விரும்புவதாகச் சொல்லிவிட்டு அவர் அமைதியாகிறார்.

அந்தக் கேள்வி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அது எந்த நாட்டில், எந்தக் காலத்தில் கேட்கப்பட்டது என்பதை எண்ண வேண்டும். சட்டத்தில் வாக்குரிமை எழுதப்பட்டிருந்தும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்குச் சாவடியை நெருங்க முடியாதிருந்த காலம் அது. போர்முனைக்கு அனுப்பப்பட்ட கறுப்பின வீரர்களும் தனிப் பிரிவுகளாகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். மக்களாட்சியைக் காப்பதற்காகவே போர் என்று முழங்கிய நாட்டில், படகு மூலையிலிருந்து ஒரு மனிதர் கேட்ட கேள்வி, அரங்கில் அமர்ந்திருந்த எல்லோர் செவியிலும் ஒன்றுபோல் விழுந்திருக்க முடியாது. ஜோவாக நடித்த கனடா லீக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். அதுவரை அவர் வாழ்ந்த வாழ்க்கை அதை அவருக்குக் கற்பித்திருந்தது.

1907 மார்ச் 3ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லியோனார்ட் லயனல் கார்னீலியஸ் கனெகாட்டா. தந்தைவழி முன்னோர் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவினர். ஏழு வயதில் சிறுவனின் கையில் வயலின் தரப்பட்டது. வாய்த்த ஆசிரியரோ ஜே. ரோசமண்ட் ஜான்சன். கவிஞரான தம் அண்ணன் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய ஒரு கவிதைக்கு இசை அமைத்தவர் அவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அந்தப் பாடலைத் தங்கள் தேசிய கீதம் என்றே போற்றி வருகிறார்கள். அத்தகைய ஆசிரியரிடம் பயின்ற மாணவன் இசைக்கலைஞனாவான் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர்.

வாழ்க்கை வேறு வழியில் இழுத்தது. பதினான்கு வயதில் அவர் வீட்டைவிட்டு ஓடி, சரடோகா நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலை அடைந்தார். முதலில் லாயத்தில் வேலை. பிறகு பந்தயக் குதிரையேறும் ஜாக்கி. உடல் வளர்ந்து எடை கூடியதும் அந்தத் தொழில் கைவிட்டுப் போயிற்று. நியூயார்க் திரும்பியவர் குத்துச்சண்டையில் இறங்கினார். புதிய பெயர் கிடைத்ததும் அங்கேதான். நண்பர்கள் அவரை லீ என்று அழைப்பது வழக்கம். கனெகாட்டா, லீ என்று இரண்டு பெயரும் எழுதிய சீட்டைக் கையில் வாங்கிய ஜோ ஹம்ஃப்ரீஸ் என்னும் புகழ்பெற்ற அறிவிப்பாளர், வாயில் நுழையாத பெயரைக் கனடா லீ என்று மாற்றிக் கூவிவிட்டார். இளைஞர் அதைத் திருத்தவில்லை. பிறர் வாய் தவறிச் சொன்ன பெயரையே தம் பெயராக ஏற்றார்; இன்று வரலாறு அவரை அறிவதும் அந்தப் பெயரால்தான்.

அவர் சாதாரண வீரராக இருக்கவில்லை. வெல்டர்வெயிட் பிரிவில் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடத் தக்கவர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். 1930களின் தொடக்கத்தில் சண்டையில் விழுந்த ஓர் அடி விழித்திரையைப் பெயர்த்தது. ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அதோடு தொழிலும் முடிந்தது. ஈட்டிய பணமும் தங்கவில்லை. இசைக் குழு ஒன்றை நடத்திப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். உடலும் உழைப்பும் தவிர விற்பதற்கு ஏதுமில்லாத ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவரானார்.

1934இல் வேலை தேடி ஹார்லம் பகுதியின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்குச் சென்றார். அங்கே நாடகம் ஒன்றுக்கு நடிகர்களைத் தேர்ந்துகொண்டிருந்தார்கள். வேலை கேட்டு வந்தவருக்கு வேடம் கிடைத்தது. குத்துச்சண்டை மேடையில் கால்களை அளந்து வைத்துப் பழகியவருக்கு நாடக மேடை அந்நியமாகத் தோன்றவில்லை. எதிராளியின் கண்ணைப் பார்ப்பது, அவன் அடுத்து என்ன செய்வான் என்று காத்திருப்பது, அசையாமல் நிற்கும்போதும் உடல் முழுவதையும் விழிப்பாக வைத்திருப்பது: இரண்டு கலைகளுக்கும் அடிப்படை இவைதாமே.

வேலையிழந்த கலைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய நாடகத் திட்டத்தின் கறுப்பினப் பிரிவு, 1936 ஏப்ரலில் ஹார்லத்தின் லஃபாயெட் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’தை மேடையேற்றியது. இயக்கியவர் இருபதே வயதான ஆர்சன் வெல்ஸ். ஸ்காட்லாந்துக் கதை, ஹெய்ட்டியைப் போன்ற ஒரு கரீபியன் தீவுக்குப் பெயர்ந்தது. நடிகர் எல்லோரும் கறுப்பினத்தார். பாங்கோ வேடம் லீக்கு. அடுத்த பெருவாய்ப்பையும் வெல்ஸே தந்தார். ரிச்சர்ட் ரைட் எழுதிய ‘நேட்டிவ் சன்’ நாவல் நாடகமாகி 1941 மார்ச்சில் பிராட்வேயில் அரங்கேறியபோது, அதன் நாயகன் பிகர் தாமஸாக நடித்தார் லீ. வறுமையும் அச்சமும் வெறுப்பும் சேர்ந்து கொலை வரை தள்ளிச் சென்ற இளைஞனின் பாத்திரம் அது. பார்வையாளர் அவனை விரும்பவும் இயலாது, வெறுத்து ஒதுக்கவும் இயலாது. அந்த நாடகத்தோடு லீ அமெரிக்க மேடையின் முதல் வரிசை நடிகர்களுள் ஒருவரானார்.

இப்படி வந்தவரைத்தான் ஹிட்ச்காக் 1943இல் படகில் ஏற்றினார். படத்தில் கடல் போலத் தோன்றுவது உண்மையில் ஹாலிவுட் படப்பிடிப்பு நிலையத்தின் பெரிய நீர்த்தொட்டி. படம் முழுவதும் கேமரா படகைவிட்டு அகலாது. தொடக்கத்தையும் முடிவையும் தவிர்த்தால் பின்னணி இசையும் இல்லை. அலையோசையும் மனிதக் குரலுமே உண்டு. அந்த வெறுமையில் ஜோ வாசிக்கும் சிறு குழலின் ஒலி தனித்துக் கேட்கிறது. வயலினை விட்டு ஓடிய சிறுவனை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி இன்னொரு பொருளும் தரும்.

கதையை எழுதும்படி ஹிட்ச்காக் நாடியவர் ஜான் ஸ்டைன்பெக். 1940இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர். அவர் ஒரு குறுநாவலாகவே எழுதிக் கொடுத்தார். அதைத் திரைக்கதையாக்கியவர் ஜோ ஸ்வெர்லிங். இயக்குநரின் கையும் அதில் நிறையப் பட்டது. முடிந்த படத்தைக் கண்ட ஸ்டைன்பெக் சினமுற்றார். தாம் எழுதிய கறுப்பினத்தவர் கண்ணியமும் நோக்கமும் தனித்தன்மையும் உள்ள மனிதர் என்றும், படத்தில் வருபவரோ காலங்காலமாகச் சிரிப்புக்காகக் காட்டப்படும் வார்ப்பு உரு என்றும் நிறுவனத்துக்கு எழுதினார். தொழிற்சங்கத் தொழிலாளரை இழிவுபடுத்தும் சாயலும் படத்தில் இருப்பதாக அவர் குறைப்பட்டார். தம் பெயரையே எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பெயர் எடுக்கப்படவில்லை. அந்தக் கதைக்கே ஆஸ்கார் பரிந்துரையும் வந்து சேர்ந்தது விதியின் குறும்பு.

ஸ்டைன்பெக்கின் சினம் நியாயமானது. எழுத்தில் உள்ள ஜோவை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். ஜோவுக்கு வசனம் மிகக் குறைவு. ஜெர்மானியர் ஒளித்து வைத்திருக்கும் திசைகாட்டியை எடுக்க வேண்டிய நேரத்தில், ஜோவுக்குப் பழைய பிக்பாக்கெட் தொழில் தெரியும் என்று கதை கண்டுபிடிக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் காதலும் கொள்கையும் சொத்தும் கிடைத்திருக்க, கறுப்பினத்தவருக்குப் பக்தியும் பணிவும் பழைய திருட்டும் போதும் என்று முடிவு செய்த கை எது என்பது நமக்குத் தெரிகிறது.

ஆயினும் திரையில் நாம் காணும் ஜோ அந்த எழுத்துக்குள் அடங்கவில்லை. அதற்குக் காரணம் லீ. வேலைக்காரப் பேச்சாக எழுதப்பட்டிருந்த வசனங்களைக் குறைக்கும்படி அவர் வாதாடினார். தம்மை இளக்காரமாக அழைக்கும் குரல்களுக்கு அவர் முகம் சுளிப்பதுமில்லை, குழைந்து சிரிப்பதுமில்லை. ஒரு கணம் தாமதித்துத் தம் வேலையைப் பார்க்கிறார். குழந்தையைக் கடலில் இடும் வேளையில் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை அவர் சொல்லும்போது, படகில் வேறெவரிடமும் இல்லாத ஓர் அமைதி அந்தக் குரலில் இருக்கிறது.

இன்னும் முக்கியமான ஒன்றுண்டு. படகைத் தன் வசப்படுத்திக்கொண்ட ஜெர்மானியர், காயமுற்ற மாலுமி ஒருவரை மற்றவர்கள் உறங்கும்போது கடலில் தள்ளிவிட்டார் என்பதும், தண்ணீரைத் தமக்கு மட்டும் மறைத்து வைத்திருந்தார் என்பதும் வெளிப்படுகின்றன. எல்லோரும் சேர்ந்து அவர்மீது பாய்கிறார்கள்; அடித்துக் கடலில் வீழ்த்துகிறார்கள். செல்வரும் தொழிலாளியும், யாருக்கும் தீங்கு நினையாத செவிலியும்கூட அந்தக் கும்பலில் இருக்கிறார்கள். சேராதவர் ஜோ ஒருவரே. கூட்டமாகச் சூழ்ந்து ஒரு மனிதரைக் கொல்வது அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கதையில் படித்த செய்தி அன்று. தலைமுறை தலைமுறையாக மரக்கிளைகளில் அவர்கள் கண்ட உண்மை. லீ அந்தக் காட்சியில் பேசுவதில்லை. அவருடைய உடலே அங்கே வாக்களிக்கிறது. முன்பு விலகியிருக்க விரும்புவதாகச் சொன்னவர், இப்போது விலகி நின்றே தம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். படத்தின் முடிவில் இன்னொரு ஜெர்மானிய இளைஞன் படகில் ஏறித் துப்பாக்கியை நீட்டும்போது, அதைப் பறிப்பவரும் இதே ஜோதான். கொல்லும் கூட்டத்தில் சேராத கை, கொலைக் கருவியைப் பிடுங்குவதற்குத் தயங்கவில்லை.

அன்றைய விமர்சகர்கள் சிலர் வேறொன்றைப் பற்றிக் கொதித்தார்கள். பகைவனைத் திறமைசாலியாகவும் நேச நாட்டாரைத் தடுமாறுகிறவர்களாகவும் காட்டிவிட்டார் ஹிட்ச்காக் என்று டோரதி தாம்சனும் பாஸ்லி கிரவுதரும் கண்டித்தனர். அந்த ஆரவாரத்தில் ஜோவின் கேள்வியை எடுத்துப் பேச அதிகம் பேர் இல்லை.

லீ அத்துடன் நிற்கவில்லை. 1944இல் கறுப்பின மக்களின் வாழ்வை எடுத்துரைத்த ‘நியூ வேர்ல்ட் எ-கமிங்’ வானொலித் தொடருக்கு அவர் குரல் கொடுத்தார். 1945இல் மார்கரெட் வெப்ஸ்டர் இயக்கிய ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் காலிபனாக நடித்தார். சொந்தத் தீவிலேயே அடிமையாக்கப்பட்டவனின் வேடம் அது. 1946இல் ‘ஆன் விட்மன் அவென்யூ’ என்னும் நாடகத்தைத் தாமே தயாரித்து நடித்தார். வெள்ளையர் தெருவில் வீடு பெற முயலும் கறுப்பினக் குடும்பத்தின் கதை அது. பிராட்வேயில் கறுப்பினத்தார் ஒருவர் தயாரிப்பாளராவது அன்று மிக அரிது. அதே ஆண்டில் ஜான் வெப்ஸ்டரின் ‘தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி’யில் முகத்தில் வெண்பூச்சுப் பூசி, போசோலா என்னும் வெள்ளையர் பாத்திரத்தை ஏற்றார். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரை எள்ளி ஆடிய நூறாண்டுக் கால வழக்கத்துக்கு ஒரு கலைஞர் தந்த மறுமொழி என்று அதைக் கொள்ளலாம். 1947இல் ‘பாடி அண்ட் சோல்’ படத்தில், மூளையில் காயத்தோடு சண்டைக்கு இறக்கப்படும் குத்துச்சண்டை வீரராக வந்தார். ஒரு கண்ணைக் கொடுத்துக் கற்ற பாடத்தை அதில் வேடமாக அணிந்தார் எனலாம்.

மேடையில் மட்டும் பேசியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். கூட்டங்களில் பேசினார், இன ஒதுக்கலை எதிர்த்து எங்கே அழைத்தாலும் சென்றார். போர் முடிந்து கம்யூனிச அச்சம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்ட காலம் வந்தது. 1949இல் வாஷிங்டனில் நடந்த ஓர் உளவு வழக்கில் அரசின் இரகசியக் கோப்புகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன; அவற்றில் லீயின் பெயரும் இருந்தது. குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. பெயர் சொல்லப்பட்டதே போதுமானதாயிற்று. தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தும் பயன் இல்லை. வானொலியும், புதிதாக வளர்ந்துவந்த தொலைக்காட்சியும் அவருக்குக் கதவடைத்தன. வாக்கைத் தொழிலாகக் கொண்டவரின் வாக்கு ஓசையின்றிப் பறிக்கப்பட்டது.

கடைசியாகக் கிடைத்த பெரிய வாய்ப்பு கடல் கடந்து வந்தது. ஆலன் பேட்டன் எழுதிய ‘கிரை, தி பிலவட் கண்ட்ரி’ நாவலை சோல்டன் கோர்டா பிரிட்டிஷ் திரைப்படமாக எடுத்தார். நகரத்தில் தொலைந்த மகனைத் தேடிச் சென்று, அவனைக் கொலைக் குற்றவாளியாகக் காணும் கிராமத்துப் பாதிரியார் ஸ்டீவன் குமாலோவாக லீ நடித்தார். இளைஞரான சிட்னி பாட்டியே உடன் நடித்தார். 1950இல் படப்பிடிப்புக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றபோது, நிறவெறிச் சட்டங்களின் காரணமாக, இரண்டு நடிகர்களும் இயக்குநரின் ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரிலேயே நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அந்நாட்டின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம்மவர் சுமந்து சென்ற பெயரும் அதுவே. பிராட்வேயின் புகழ்பெற்ற நடிகர், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பெயரோடு அதே மண்ணில் இறங்கினார்.

1951இல் வெளிவந்த அந்தப் படமே அவருடைய கடைசிப் படம். முன்பு மேடையில் கொலைக்குத் தள்ளப்பட்ட மகனாக நின்றவர், இதில் கொலைக்குத் தள்ளப்பட்ட மகனின் தந்தையாக நின்றார். தாய்நாடு திரும்பியபோதும் கதவுகள் திறக்கவில்லை. உடல் நலம் குன்றியிருந்தது. 1952 மே 9ஆம் நாள் நியூயார்க்கில் கனடா லீ காலமானார். பன்னிரண்டு நாட்கள் கழித்து, ‘பாடி அண்ட் சோல்’ நாயகரும் அதே கறுப்புப் பட்டியலால் அலைக்கழிக்கப்பட்டவருமான ஜான் கார்ஃபீல்ட் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அதன்பின் லீயின் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. அவர் வாழ்வை விரிவாகச் சொல்லும் நூல் ஒன்று 2004இல் வெளிவந்தபோது, அவர் இறந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

மேடை நடிப்பு காற்றோடு போவது. அவருடைய பாங்கோவையும் பிகர் தாமஸையும் காலிபனையும் நாம் காண வழியில்லை. எஞ்சியிருப்பவை சில திரைப்படங்கள். அவற்றுள் இன்றும் மிகுதியாகப் பார்க்கப்படுவது அந்தப் படகு. அதில் அவருக்குக் கிடைத்தது ஒரு மூலை, சில வரிகள். அந்தச் சிறு இடத்தில் அவர் ஒரு முழு மனிதரை அமர வைத்துவிட்டுப் போனார். குறைந்த சொல்லில் நிறைந்த பொருள் வைக்கப் போராடும் கவிஞர்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் அரிது.

ஒரு செய்தியோடு நிறைவு செய்கிறேன். நம் வட்டம் பத்தாண்டுகள் கூடிப் பேசியிருக்கிறது. கவிதை படித்தவர்களையும், வாதிட்டவர்களையும், உரத்துச் சிரித்தவர்களையும் நினைவுகூர்வது எளிது. இம்மலரின் பக்கங்களில் அவர்கள் பலர் இருக்கிறார்கள். பின்வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல், கூட்டம் முடிந்ததும் எழுந்து சென்றவர்களும் இருந்திருப்பார்கள். தமக்கும் வாக்கு உண்டா என்று அவர்கள் மனத்துக்குள் கேட்டிருக்கக்கூடும். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தில், முன்வரிசையில் இருக்கும் நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.